வலம்புரி மூலக்கூறு, இடம்புரி மூலக்கூறு: கைரல் வேதியியலைக் கையில் பிடித்துக் கற்க

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கொஞ்சம் சதகுப்பை வாங்குங்கள். திரும்பும் வழியில் ஒரு கட்டுப் புதினாவும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் புதினா இலையை ஒரு கையிலும் பத்துச் சதகுப்பை விதைகளை இன்னொரு கையிலும் கசக்கி, மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். ஒன்று துவையல் வாசம். மற்றொன்று பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டும் லேகியத்தின் வாசம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எதுவென்று சொல்லிவிடுவீர்கள்.

இரண்டிலும் இருக்கும் முக்கியமான மணப்பொருள் ஒன்றே: கார்வோன். பத்து கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்று கோடு போட்டு வரைந்தால் இரண்டு படத்துக்கும் இம்மியளவு வேறுபாடு கிடையாது. இரண்டும் கொதிப்பது ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில். அடர்த்தியும் ஒன்றே. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். புதினாவின் கார்வோனைக் கண்ணாடி முன் நிறுத்தினால், உள்ளே தெரிவது சதகுப்பையின் கார்வோன்.

இந்த ஒரு வரியை முழுதாகப் புரிந்துகொள்வதுதான் இந்தப் பாடம். பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ இதை முதன்முதலாகச் சந்திக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். குடியாத்தத்தில் மாலை வகுப்பு எடுப்பவன் நான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கரிம வேதியியலில் தடுமாறும் முதல் இடம் இது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். தடுமாற்றத்துக்கு மொழி காரணமில்லை. முப்பரிமாணத்தில் இருக்கும் பொருளைத் தட்டையான தாளில் படிக்கச் சொல்வதுதான் காரணம். ஆகவே தாளைச் சற்று நேரம் மூடி வையுங்கள்.

கண்ணாடி கேட்கும் கேள்வி

ஒருமுறை பேரணாம்பட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எல்லாப் பொருளுக்கும்தான் கண்ணாடியில் பிம்பம் தெரிகிறது. பிறகு இதற்கு மட்டும் எதற்குத் தனிப் பெயர்?"

மிகச் சரியான கேள்வி. பிம்பம் இருக்கிறதா என்பது பொருட்டே அல்ல. அந்தப் பிம்பத்தைக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்து, எப்படி வேண்டுமானாலும் திருப்பி, அசல் பொருளின் மேல் அச்சாகப் பொருத்த முடியுமா என்பதுதான் கேள்வி. முடிந்தால் பொருளும் பிம்பமும் ஒன்றே. முடியாவிட்டால் அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். அப்படிப் பொருந்தாத தன்மைக்குத்தான் கைரல் தன்மை என்று பெயர். கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கெல்வின் பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய சொல் அது. தமிழ்க் காதுக்கு அதில் 'கை' கேட்பது தற்செயல்தான். ஆனால் இவ்வளவு பொருத்தமான தற்செயலை நான் வகுப்பில் விடுவதே இல்லை.

அந்த மாணவியின் அப்பா ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறார். மறுநாள் அவள் இரண்டு தோல் துண்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். செருப்பின் மேற்பாகத்துக்கு வெட்டியவை. ஒன்று இடது காலுக்கு, ஒன்று வலது காலுக்கு. கூடவே அதே வடிவத்தில் தாளிலும் இரண்டு துண்டுகள் வெட்டி வந்திருந்தாள். தாளில் ஒன்றைக் குப்புறப் புரட்டினாள். மற்றொன்றின் மேல் அப்படியே பொருந்தியது. தோலையும் அதேபோல் புரட்டினாள். ஓரங்கள் பொருந்தின. ஆனால் ஒன்றின் வழவழப்பான முகம் மேலே, மற்றொன்றின் சொரசொரப்பான முகம் மேலே. "இது பொருந்தியதாகக் கணக்கில் வராது சார், இப்படித் தைத்தால் அப்பா வேலைக்கு வேட்டு" என்றாள்.

அந்த இடத்தில் சீர்மைத் தளம் என்ற முழுப் பாடமும் முடிந்துவிட்டது. தாளுக்கு இரண்டு முகமும் ஒன்றே. தாளின் தடிமனுக்கு நடுவே ஒரு கண்ணாடியைச் செருகியதாக நினைத்தால், மேல்பாதி கீழ்ப்பாதியின் பிம்பமாக இருக்கும். ஒரு பொருளுக்குள் இப்படி ஒரு சீர்மைத் தளம் இருந்தால் அது கைரல் ஆகவே முடியாது. தோலுக்கு மேல்முகம் வேறு, உள்முகம் வேறு. ஆகவே அந்தத் தளம் இல்லை. இதே காரணத்தால்தான் எல்லா அணுக்களும் ஒரே தளத்தில் படுத்திருக்கும் மூலக்கூறுகள், அதாவது பென்சீன், எத்திலீன் போன்றவை, கைரல் அல்ல. அவை தாள் துண்டுகள்.

புதிதாக எந்த மூலக்கூறைப் பார்த்தாலும் முதலில் இந்தத் தளத்தைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் மேற்கொண்டு உழைக்க வேண்டியதில்லை.

நான்கு கிளையும் வேறு வேறு

தளம் கிடைக்கவில்லையா? அடுத்ததாக, நான்கு ஒற்றைப் பிணைப்புகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கியிருக்கும் கார்பனைத் தேடுங்கள். அதுதான் சீர்மையற்ற கார்பன்; கைரல் கார்பன், கைரல் மையம் என்றும் சொல்வார்கள். 1874இல் வான்ட் ஹாஃப், லெ பெல் என்ற இருவர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன. வான்ட் ஹாஃபுக்கு அப்போது வயது 22. மூலக்கூறுக்கு முப்பரிமாணத்தில் உண்மையான வடிவம் உண்டு என்பதையே பலர் ஏற்காத காலத்தில் அந்த இளைஞர் காட்டிய துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தேடும்போது மளமளவென்று கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுங்கள். இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன் வேண்டாம். இரண்டு ஹைட்ரஜன்களைச் சுமக்கும் கார்பன் வேண்டாம். மூன்று ஹைட்ரஜன்களைச் சுமக்கும் கார்பனான மெத்தில் வேண்டாம். மிஞ்சுபவை ஒன்றிரண்டுதான் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு கிளையையும் கடைசி வரை நடந்து பாருங்கள். பக்கத்து அணு ஒன்றாக இருப்பதால் கிளையும் ஒன்று என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எத்தில் கிளையும் புரோப்பைல் கிளையும் கார்பனில்தான் தொடங்குகின்றன. ஆனாலும் அவை வேறு வேறு. வளையத்தில் இருக்கும் கார்பனுக்கு, வலப்பக்கமாக வளையத்தைச் சுற்றி வருவதும் இடப்பக்கமாகச் சுற்றி வருவதும் இரண்டு கிளைகள். வழியில் பார்ப்பவை வேறுபட்டால் கிளைகளும் வேறு. கார்வோனின் கைரல் கார்பன் இப்படித்தான் வளையத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

உருளைக்கிழங்கு மாதிரி

கடையில் விற்கும் மூலக்கூறு மாதிரிப் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடுக்களைக்குப் போங்கள். சிறிய உருளைக்கிழங்கு இரண்டு, பல்குத்தும் குச்சி எட்டு, எலுமிச்சை இரண்டு, சின்ன வெங்காயம் நான்கு, சுண்டைக்காய் இரண்டு, இரவு முழுவதும் ஊறிய பட்டாணி இரண்டு.

உருளைக்கிழங்குதான் கார்பன். அதில் மூன்று குச்சிகளை முக்காலியின் கால்கள்போல் அகல விரித்துக் குத்துங்கள். நான்காவதை உச்சியில் செங்குத்தாக நிறுத்துங்கள். எந்த இரண்டு குச்சிகளுக்கும் நடுவே கோணம் 109.5 டிகிரி வரவேண்டும். கண்ணளவில் நான்கும் சம இடைவெளியில் இருந்தால் போதும். உச்சிக் குச்சியில் பட்டாணி. மேலிருந்து பார்த்து, மூன்று கால்களிலும் கடிகாரம் சுற்றும் வரிசையில் எலுமிச்சை, வெங்காயம், சுண்டைக்காய். இரண்டாவது கிழங்கிலும் அப்படியே செய்யுங்கள். ஆனால் வெங்காயத்தையும் சுண்டைக்காயையும் இடம் மாற்றிக் குத்துங்கள்.

இப்போது இரண்டையும் எதிரெதிரே வையுங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். இனி உங்கள் வேலை, இரண்டையும் ஒன்றாகப் பொருத்த முயல்வது. பட்டாணியையும் எலுமிச்சையையும் ஒரே திசைக்குக் கொண்டுவாருங்கள். வெங்காயம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டைக்காய் நிற்கும். வெங்காயத்தைச் சரிசெய்தால் எலுமிச்சை தவறும். ஐந்து நிமிடம் விடாமல் முயன்று தோற்றுப்போங்கள். அந்தத் தோல்வியை விரல்களால் உணர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை காய்கறியும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத பிம்ப இணைகளுக்கு இனன்சியோமர்கள் என்று பெயர்.

அடுத்து, ஒரு கிழங்கில் சுண்டைக்காயைப் பிடுங்கிவிட்டு அங்கே இன்னொரு வெங்காயத்தைக் குத்துங்கள். மற்றதிலும் அவ்வாறே இரண்டும் வெங்காயமாக இருக்கட்டும். இப்போது இரண்டும் உடனே பொருந்திவிடும். நான்கில் இரண்டு ஒன்றாகிவிட்டால் கைரல் தன்மை போய்விடுகிறது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

பழைய நிலைக்குத் திருப்பி, இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு மாதிரியில் எந்த இரண்டு காய்களையும் ஒருமுறை இடம் மாற்றினால் அது தன் பிம்பமாகிவிடும். இரண்டு முறை மாற்றினால் பழையபடி ஆகிவிடும். இந்தச் சிறு உண்மை பின்னால் தேர்வில் பலமுறை கைகொடுக்கும்.

ஆர், எஸ் என்று பெயர் சூட்டுதல்

இரண்டு உருவங்கள் இருப்பதால் இரண்டு பெயர்கள் வேண்டும். கான், இங்கோல்ட், பிரிலாக் மூவரும் வகுத்த முறையைத்தான் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறது. அதற்கு வேண்டியது, நான்கு தொகுதிகளையும் முன்னுரிமைப்படி வரிசைப்படுத்துவது.

கைரல் கார்பனை நேராகத் தொடும் அணுவின் அணு எண் பெரியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். சமமாக வந்தால் ஒரு படி வெளியே போய், அந்த அணுக்களோடு சேர்ந்திருப்பவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதி ஒப்பிட வேண்டும். முதல் வேறுபாடு தென்பட்ட இடத்திலேயே முடிவு சொல்லிவிட வேண்டும். இரட்டைப் பிணைப்பில் இருக்கும் அணுவை இரண்டு முறை எண்ண வேண்டும்.

நம் உடலில் இருக்கும் அலனைன் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நடுக் கார்பனைச் சுற்றி அமினோ தொகுதி (NH₂), கார்பாக்சில் தொகுதி (COOH), மெத்தில், ஹைட்ரஜன். நைட்ரஜனின் அணு எண் 7, ஆகவே அமினோ முதலிடம். அடுத்த இரண்டும் கார்பனில் தொடங்குகின்றன. கார்பாக்சிலின் கார்பன்மேல் ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன்; இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனை இருமுறை எண்ணியதால் மூன்று. மெத்திலின் கார்பன்மேல் ஹைட்ரஜன் மூன்று. கார்பாக்சிலுக்கு இரண்டாமிடம், மெத்திலுக்கு மூன்றாமிடம், ஹைட்ரஜன் கடைசி. உங்கள் மாதிரியில் எலுமிச்சை அமினோ, வெங்காயம் கார்பாக்சில், சுண்டைக்காய் மெத்தில், பட்டாணி ஹைட்ரஜன்.

இனி மாதிரியைத் திருப்பி, பட்டாணிக் குச்சியை உங்களுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். குடையை விரித்து அதன் உட்புறத்தைப் பார்ப்பதுபோல் மற்ற மூன்றும் உங்களைப் பார்த்து விரிந்திருக்கும். எலுமிச்சையிலிருந்து வெங்காயம் வழியாகச் சுண்டைக்காய்க்கு விரலை ஓட்டுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் விரல் போனால் அது ஆர் (R). எதிர்த்திசையில் போனால் எஸ் (S). நீங்கள் முதலில் செய்த கிழங்கு எதுவென்று பாருங்கள். பட்டாணியை மேலே வைத்துப் பார்த்தபோது அது கடிகாரத் திசையில் இருந்தது. இப்போது பட்டாணி பின்னால் போய்விட்டதால் விரல் எதிர்த்திசையில் போகும். ஆகவே அது எஸ். நம் புரதங்களில் இருக்கும் அலனைனும் அதுவே.

இந்தத் திருப்பத்தில்தான் அதிக மதிப்பெண் பறிபோகிறது. கடைசி முன்னுரிமைத் தொகுதி உங்களை நோக்கி இருக்கும் நிலையில் படித்தால் விடை தலைகீழாக வரும். தாளில் வரைந்த படத்தில், தடித்த ஆப்புக் கோடு நம்மை நோக்கி வருவது. விட்டுவிட்டுப் போட்ட கோடு பின்னால் போவது. ஹைட்ரஜன் தடித்த கோட்டில் இருந்தால், படத்தில் தெரிகிறபடியே திசையைப் படித்துவிட்டு விடையை மட்டும் மாற்றி எழுதுங்கள். மனத்துக்குள் மூலக்கூறைச் சுழற்ற முயல்வதைவிட இது பாதுகாப்பானது.

பெயர் வேறு, ஒளி வேறு

வலம்புரிச் சங்கை அறியாத தமிழர் இல்லை. ஆனால் உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு இடப்பக்கச் சுருள் என்று எழுதியிருக்கும். யாரும் தவறு செய்யவில்லை. அவர்கள் சங்கின் சுருள் உச்சியை மேலே வைத்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் கூரான வால் முனையை மேலே பிடித்துப் பார்க்கிறோம். சங்கு மாறவில்லை; பார்க்கும் வழக்கம் மாறியதால் பெயர் மாறியது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அடுத்த குழப்பம் உங்களை அண்டாது.

கைரல் சேர்மத்தின் கரைசல் வழியாக ஒருதள ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்தினால், அந்த ஒளியின் தளம் ஒரு பக்கமாகச் சுழலும். வலப்பக்கம் சுழற்றினால் வலஞ்சுழி, அதற்கு + குறி. இடப்பக்கம் சுழற்றினால் இடஞ்சுழி, − குறி. ஓர் இனன்சியோமர் எத்தனை டிகிரி வலப்பக்கம் சுழற்றுகிறதோ, மற்றொன்று அத்தனை டிகிரி இடப்பக்கம் சுழற்றும். இரண்டும் சம அளவில் கலந்தால் சுழற்சி சுழியாகிவிடும். அதுதான் சுழிமாய்க் கலவை.

ஆர் என்பது வலஞ்சுழி அல்ல. எஸ் என்பது இடஞ்சுழி அல்ல. ஆர், எஸ் என்பவை நாம் வகுத்த முன்னுரிமை விதியிலிருந்து வருபவை. +, − என்பவை கருவியில் அளந்து அறிபவை. மருந்துச் சீட்டிலேயே சாட்சி இருக்கிறது. தும்மலுக்குத் தரும் லீவோசெட்ரிசின், நுண்ணுயிர்த் தொற்றுக்குத் தரும் லீவோஃப்ளாக்சசின் இரண்டுக்கும் முன்னால் நிற்கும் 'லீவோ' இடஞ்சுழியைக் குறிக்கிறது. ஆனால் முதலாவது ஆர், இரண்டாவது எஸ்.

அமினோ அமிலங்களுக்கும் சர்க்கரைகளுக்கும் எழுதும் டி (D), எல் (L) மூன்றாவது வழக்கம். அது கிளிசரால்டிஹைடு என்ற மிக எளிய சர்க்கரையோடு ஒப்பிட்டுச் சொல்வது. புரதத்தின் எல்-அமினோ அமிலங்கள் பெரும்பாலும் எஸ். சிஸ்டீன் மட்டும் ஆர். அதன் பக்கக் கிளையில் இருக்கும் கந்தகத்தின் அணு எண் 16. அது கார்பாக்சிலின் ஆக்சிஜன்களை முந்திவிடுவதால் வரிசை மாறிப் பெயரும் மாறுகிறது. உருவம் அதே எல் வரிசையில்தான் நிற்கிறது. வேதியியலாளர் எமில் பிஷர் சர்க்கரைகளின் உருவத்தை வரைந்தபோது, இரண்டு பிம்பங்களில் உண்மையானது எது என்று அறிய அன்று வழியே இல்லை. ஒன்றை ஊகமாகத் தேர்ந்துகொண்டார். 1951இல் பைஃபூட் எக்ஸ் கதிர்களைக் கொண்டு டார்டாரிக் அமில உப்பு ஒன்றை ஆராய்ந்து, அந்த ஊகம் சரிதான் என்று நிறுவினார்.

ஒளி சுழல்வதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் போலாரிமீட்டர் இருக்கும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை கரைத்த நீரை 2 டெசிமீட்டர் குழாயில் நிரப்பினால், 13.3 டிகிரி வலப்பக்கம் சுழலும். அதில் சிறிது அமிலம் சேர்த்துச் சூடாக்குங்கள். சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும். பிரக்டோஸின் இடப்பக்கச் சுழற்சி குளுக்கோஸின் வலப்பக்கச் சுழற்சியைவிட வலியது. ஆகவே ஊசி சுழியைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். சர்க்கரை ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் கரும்புச் சாற்றை அளப்பதும் இதே கருவியின் உறவினர்தான். வெட்டிய கரும்பு வெயிலில் வண்டியிலேயே காத்துக் கிடந்தால் இதே உடைப்பு சாற்றுக்குள்ளேயே நடக்கிறது. கரும்பு போட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் சோதனை அல்ல.

புளிக்குள் இருக்கும் இரண்டு மையங்கள்

ஜவ்வாது மலையடிவாரத்துப் புளியமரங்கள் தரும் புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். ஒரு மூலக்கூறில் இரண்டு கைரல் மையங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கற்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நான்கு கார்பன்கள் சங்கிலியாக நிற்கின்றன. இரு முனையிலும் கார்பாக்சில். நடுவில் இரண்டு கார்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில், ஒரு ஹைட்ரஜன். இதைப் பிஷர் படமாக வரையுங்கள். சங்கிலி மேலிருந்து கீழ் செங்குத்துக் கோடு. ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜனும் கிடைக்கோடுகளின் முனைகளில். கிடைக்கோடுகள் எல்லாம் தாளைவிட்டு நம்மைத் தழுவ நீளும் கைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோடுகள் பின்னால் போகின்றன. இந்தப் படத்தைத் தாளிலேயே 180 டிகிரி திருப்பலாம். 90 டிகிரி திருப்பக் கூடாது. திருப்பினால் நீண்ட கைகள் முதுகுப்பக்கம் போய்விடும்.

மேல் ஹைட்ராக்சில் வலப்பக்கம், கீழ் ஹைட்ராக்சில் இடப்பக்கம் என்று வரைந்தால் இரண்டு மையங்களும் ஆர். புளியில் இருப்பது இதுதான், வலஞ்சுழி. இதன் பிம்பம் எஸ், எஸ்; இடஞ்சுழி. இரண்டு மையங்கள் என்றால் அதிகபட்சம் நான்கு மாற்றியங்கள், அதாவது அணுக்களின் தொடர்பு ஒன்றாக இருந்தும் உருவம் வேறுபடும் வடிவங்கள், வரலாம்; மையங்களின் எண்ணிக்கை எவ்வளவோ அத்தனை முறை இரண்டைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மிச்சம் இரண்டையும் வரைவோம். இரண்டு ஹைட்ராக்சிலும் வலப்பக்கம், இரண்டும் இடப்பக்கம். முதல் படத்தை 180 டிகிரி திருப்புங்கள். இரண்டாவது படம் வந்துவிடும். ஆகவே அவை இரண்டல்ல, ஒன்றே. நடுவே கிடையாக ஒரு கண்ணாடியை வைத்தால் மேல்பாதி கீழ்ப்பாதியின் பிம்பம். அந்த மாணவியின் தாள் துண்டு மறுபடி வந்துவிட்டது. கைரல் மையம் இரண்டு இருந்தும் மூலக்கூறு கைரல் அல்ல, ஒளியைச் சுழற்றாது. இதற்கு மீசோ வடிவம் என்று பெயர். டார்டாரிக் அமிலத்துக்கு மாற்றியங்கள் மூன்றுதான்.

ஆர்-ஆர் வடிவமும் மீசோ வடிவமும் ஒன்றுக்கொன்று பிம்பங்கள் அல்ல. ஆனாலும் அணுக்களின் தொடர்பு ஒன்றே. இப்படிப்பட்டவை டையாஸ்டீரியோமர்கள். இனன்சியோமர்கள் போலன்றி இவற்றுக்கு உருகுநிலை, கரைதிறன் எல்லாம் வேறுபடும். ஆகவே எளிதில் பிரிக்கலாம். நம் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தியது பழைய தொழில். அத்தகைய பட்டைகளின் துவர்ப்புப் பொருள்களுக்கு அடிப்படை அலகுகளில் கேட்டகின், எபிகேட்டகின் என்ற இரண்டு உண்டு. இரண்டு கைரல் மையங்களில் ஒன்று மட்டும் மாறியிருக்கும் டையாஸ்டீரியோமர்கள் அவை.

இந்தக் கதைக்கெல்லாம் தொடக்கம் 1848. லூயி பாஸ்டர் என்ற 25 வயது இளைஞர், ஒளியைச் சுழற்றாத டார்டாரிக் அமில வகை ஒன்றின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கினார். படிகங்களில் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று மற்றொன்றின் பிம்பம். பொறுமையாக இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலப்பக்கம் சுழற்றியது, மற்றது இடப்பக்கம். அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே படிகமானால்தான் இப்படிப் பிரிந்து நிற்கும். அதற்கு மேலே போனால் இரண்டும் ஒரே படிகத்தில் கலந்துவிடும். பாரிஸின் குளிர்ச்சி அவருக்குத் துணை நின்றது. வேலூரின் மே மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பொறுக்குவதற்கு எதுவுமே கிடைத்திருக்காது.

சிஸ் (ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிர்ப்பக்கம்) என்பதும் இப்படி உருவம் மட்டும் வேறுபடும் புறவெளி மாற்றியமே. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் சுழல முடியாததால் வருவது. மெலியிக் அமிலமும் ஃபியூமரிக் அமிலமும் அப்படிப்பட்ட இணை. பிம்பங்கள் அல்லாததால் அவையும் டையாஸ்டீரியோமர்களே. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு திரும்புவது மட்டும் புதிய மாற்றியம் ஆகாது. இடது கையை மடக்கினாலும் நீட்டினாலும் அது இடது கைதான்.

உடலுக்கு இது ஏன் முக்கியம்

காலுறையை எந்தக் காலிலும் போடலாம். செருப்பை முடியாது. கைரல் அல்லாத வினைப்பொருள் காலுறை போன்றது. இரண்டு இனன்சியோமர்களோடும் ஒரே வேகத்தில் வினைபுரியும். உடலின் நொதிகளும் ஏற்பிகளும் செருப்பு. அவை எல்-அமினோ அமிலங்களால் ஆனவை என்பதால் அவற்றுக்கே இடம் வலம் உண்டு. புதினாவையும் சதகுப்பையையும் மூக்கு பிரித்தறிவது இதனால்தான். ஆம்பூரில் பதனிடும் தோலே கொலாஜன் என்ற புரதம்தான். இடப்பக்கம் முறுக்கிய மூன்று இழைகள் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிய ஒரே கயிறாக அமைந்தது அது. இந்த மும்முறுக்கு அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள்.

தாலிடோமைடு பற்றி எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் பாதிதான் சொல்லும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்து, 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. ஓர் இனன்சியோமர் தூக்கம் தரும், மற்றொன்று கருவைச் சிதைக்கும், ஆகவே நல்லதை மட்டும் கொடுத்திருக்கலாமே என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. உடலுக்குள் இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் இருக்கும். கரிகிரியில் தொழுநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனையை வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. தொழுநோயில் வரும் கடுமையான கணு அழற்சிக்கு அதே தாலிடோமைடு பலன் தருகிறது. கர்ப்பம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளும் மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடு இன்றும் தருகிறார்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரைகளில் எத்தாம்பியூட்டால் ஒன்று. நடுவே இரண்டு கார்பன் பாலம். அதன் இரு முனையிலும் நைட்ரஜன். ஒவ்வொரு நைட்ரஜனும் ஒரு கார்பனைப் பிடித்திருக்கிறது; அந்தக் கார்பனில் ஓர் எத்தில், ஹைட்ராக்சில் சுமந்த ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன். வரையுங்கள். கைரல் மையங்களைக் குறியுங்கள். முன்னுரிமை வரிசை எழுதுங்கள்: நைட்ரஜன் முதலில், ஆக்சிஜனைச் சுமந்த கார்பன் அடுத்து, எத்தில், ஹைட்ரஜன். இரண்டு பாதியும் ஒன்றே என்பதைக் கவனித்தால், புளியில் பார்த்ததுபோல் நான்குக்குப் பதில் மூன்று மாற்றியங்களே வருவது தெரியும்: எஸ்-எஸ், ஆர்-ஆர், மீசோ. காசநோய்க் கிருமியை வலுவாகத் தடுப்பது எஸ்-எஸ் மட்டுமே. மாத்திரையில் இருப்பதும் அதுதான். இரண்டு உருளைக்கிழங்குகளையும் ஒரு குச்சியால் இணைத்து, அதைச் செய்து பாருங்கள்.